சப்புனு இருக்குதாமே, மாப்ள!

வாங்க மாப்ள, இப்படித் திண்ணையில குந்துங்க. கை கழுவியாச்சா? ஏப்பம் வந்துச்சா? வந்திருக்காது. சப்புனு இருக்கற மீனைத் துன்னா ஏப்பம் எங்கேர்ந்து வரும்? நான் பின்னால சட்டி கழுவிக்கினு இருந்தேன். கெழவிக்குக் காது மந்தம்னு நெனச்சுக்கினு நம்ம பாப்பாகிட்ட மெதுவா சொன்னீங்களே, "மீனு ஃப்ரெஷ்ஷாத்தான் இருக்கு, ஆனா டேஸ்ட்டே இல்ல"ன்னு. ஆயாவுக்கு மங்கினது கண்ணுதான் மாப்ள. காது, மீன் ஏலத்துல பழகின காது. நாப்பது பேரு கத்தற எடத்துல எவ அஞ்சு ரூவா ஏத்திக் கேட்டான்னு தனியாப் பிரிச்செடுத்த காது அது.

கோவம்லாம் ஒண்ணும் இல்ல. கண்ணாடிக் கட்டடத்துல குந்தி வேலை பாக்கற மனுசனோட நாக்கு, அதுக்குன்னு ஒரு மருவாதி உண்டு. ஏழு வகைப் பொடியைப் போட்டுப் பொரட்டி, மேல மல்லித்தழை தூவி, வெங்காயத்தை வளையல் மாதிரி அடுக்கி, எலுமிச்சங்காயைச் செதுக்கி வெச்சு, எடம் இருந்தா ஓரமா மீனும் வெச்சுக் குடுக்கற ஓட்டல்ல வளந்த நாக்கு. அது போயி ஒரு கெழங்கா மீனுகிட்ட "உன் சேதி இன்னா?"ன்னு கேட்டா அது பேசுமா? வெக்கப்படாது?

நான் பொறந்தது பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பம். மகளைக் குடுத்த ஊரு இந்த அனுப்பம்பட்டு. ஒடம்புல தெம்பு இருந்த வரைக்கும் விடியக்காலம் முதல் பஸ்ல கூடையோட பொன்னேரி வந்து, அங்க கும்மிடிப்பூண்டி லோக்கலைப் புடிச்சு அனுப்பம்பட்டு, மீஞ்சூர், அத்திப்பட்டுன்னு எறங்கி எறங்கி வித்தவ. வண்டி அனுப்பம்பட்டுல நிக்கற நேரத்துல ஒரு கூடையை எறக்கி, தலையில ஏத்தி, பாக்கி சில்லறையும் வாங்கிடுவேன். இப்ப இந்தத் திண்ணைதான் எனக்கு ஸ்டேசன். அண்ணன் மக கொண்டாந்து குடுக்கற மீனைத்தான் நீங்க துன்னீங்க.

அந்த மீனோட பேரு கெழங்கா. எழுதறப்ப கிழங்கான்னு எழுதுவாங்க. ஒரு சாண் நீளம், மூக்கு கூரு, ஒடம்பு உருண்டை. மண்ணுலேர்ந்து புடுங்கின கெழங்கு மாதிரியே இருக்கும். இருக்கறதும் மண்ணுலதான். ஏரியிலயும் முகத்துவாரத்துலயும் மணல் தரையா இருக்கற எடத்துல புழு, பூச்சி, சின்ன எறான்னு பொறுக்கித் துன்னுக்கினு கெடக்கும். வலை வருதுன்னு தெரிஞ்சா மணலுக்குள்ள புதைஞ்சுக்கும். மேனேஜரு வர்ற சத்தம் கேட்டா நீங்க லேப்டாப்புக்குள்ள தலையை விட்டுக்கறீங்கன்னு பாப்பா சொல்லுச்சு, அதே மாதிரி.

பொன்னேரியில மீன்வளக் காலேஜு இருக்குது இல்ல, அந்தப் பிள்ளைங்க ரயில்ல என் கூடையை நோண்டிக்கினே வருவாங்க. வாங்க மாட்டாங்க, நோண்டுவாங்க. ஒரு பையன் சொன்னான், "ஆயா, இதுக்குப் பேரு சில்லாகோ சிகாமா"ன்னு. 1775-ல அச்சான புஸ்தகத்துலயே, செங்கடல் பக்கம் புடிச்சதுன்னு இத்த எழுதி வெச்சிருக்காங்களாம். "அதுக்கு சிகாமணின்னே வெச்சிருக்கலாமே"ன்னேன். சிரிச்சான். அன்னிக்கு மட்டும் கால் கிலோ வாங்கினான், பாவம்.

அவன்தான் இன்னொண்ணும் சொன்னான். மங்களூருப் பக்கம் இதுக்குக் 'காணெ'ன்னு பேராம். ரவையில பொரட்டிப் பொரிச்சு, வர்றவன் போறவன்லாம் தேடி வந்து துன்ற மீனாம். பேரைக் கேட்டதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு, தட்டுல வெச்ச அடுத்த நிமிசம் காணோம், அதான் காணெ. அதைவிட ஜப்பான்காரன் வெச்ச பேருதான் எனக்குப் புடிச்சது. அங்க இதே சாதியில ஒரு மீனு உண்டாம், பேரு 'கிசு'. மாவுக்கரைசல்ல முக்கி, பஜ்ஜி மாதிரி எடுத்து, டெம்புராங்கறாங்களாம். கிசு! பாத்தீங்களா மாப்ள, கடல் தாண்டி இருக்கறவனுக்குத் தெரிஞ்சிருக்கு, இது கிசுகிசுன்னு பேசற மீனுன்னு. வஞ்சரம் மேடையில நின்னு பேசும். மத்தி தெருவுல நின்னு சண்டை போடும். கெழங்கா காதுகிட்ட வந்து ரகசியம் சொல்லும். நீங்க ரேடியோ செட்டைப் போட்டுட்டு, அது பேசவே இல்லன்னா எப்படி?

வெள்ளையா இருக்குது, அதனால சத்து இல்ல, ருசி இல்லன்னு ஒரு நெனப்பு உங்க ஆளுங்களுக்கு. மீனு ஏன் வெள்ளையா இருக்குதுன்னு கேட்டிருக்கீங்களா? சூரை மீனு நாள் பூரா நிக்காம ஓடற சாதி. ஓட ஓடக் காத்து வேணும், ரத்தம் வேணும், அதான் சதையெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும். நம்ம கெழங்கா படுத்தே கெடக்கும். ஆபத்து வந்தா ஒரே ஒரு வாட்டி சடக்குனு பாயும், அவ்ளோதான் அதோட உழைப்பு. அந்த ஒரு பாய்ச்சலுக்கு வெள்ளைச் சதை போதும். கொழுப்பும் அதிகம் கெடையாது. மத்தி மாதிரி எண்ணெய் வழிஞ்சு ஊரைக் கூட்டற வாசனை அதுல வராது. அதனாலதான் புள்ளை பெத்தவளுக்கும், காய்ச்சல்ல எழுந்தவனுக்கும், பல்லு முளைச்ச கொழந்தைக்கும் எங்க ஊட்டுல இத்தத்தான் ஊட்டுவோம். நீங்க இந்த மூணுல எதுவும் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா வயிறு அந்த மூணாவது ஆளோட வயிறுதான், தீவாளிக்குத் தெரிஞ்சுபோச்சே.

ருசி எங்க இருக்குதுன்னு கேக்கறீங்களா? தண்ணியில இருக்குது மாப்ள. உப்புத் தண்ணியில வாழற மீனு, அந்த உப்பைத் தாக்குப்புடிக்கறதுக்காகச் சதைக்குள்ள சில சரக்கைச் சேத்து வெச்சுக்குமாம். அதுல ஒண்ணு லேசாத் தித்திக்கும். இன்னொண்ணு, நீங்க நூடுல்ஸ்ல தேடற அதே சுவை. ஆத்து மீனுக்கு இந்தச் சேமிப்பு கம்மி. இத்தக் காலேஜு பையன் படிச்சுட்டு வந்து சொன்னான். எங்க அம்மா படிக்காமயே சொன்னா, "முகத்துவாரம் தொறந்தா மீனு தித்திக்கும்"னு.

எங்க ஏரி லேசுப்பட்டது இல்ல. இந்தியாவுல சிலிக்காவுக்கு அடுத்த பெரிய உப்பங்கழி. முக்கால்வாசிக்கு மேல ஆந்திராவுல கெடக்குது, நம்ம பக்கம் இருக்கறது ஒரு மூலைதான். ஐப்பசி கார்த்திகையில ஆரணி ஆறு நல்ல தண்ணியைக் கொண்டாந்து கொட்டும். மழை விட்டதும் கடல் தண்ணி முகத்துவாரம் வழியா உள்ள வந்து கலக்கும். கோடையில மணல் மேடு போட்டு வாயை அடைச்சுக்கினா, ஏரி சுண்டிப்போயி மீனும் சுணங்கிப்போவும். வாய் தொறந்தாத்தான் ஏரிக்கும் பொழப்பு, ஏலக்காரிக்கும் பொழப்பு. வலை போடறதுக்கும் எங்க ஊர்ல முறை இருக்குது. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம்னு மூணு ஊருக்காரங்க சீட்டுக் குலுக்கி, யாருக்கு எந்த எடம், எந்த நாளுன்னு பங்கு போட்டுக்குவாங்க. அந்த முறைக்குப் பேரு பாடு. கஷ்டத்துக்கும் பாடுதான் பேரு. ரெண்டுக்கும் ஒரே பேரு வெச்சவன் நிச்சயமா வலை இழுத்தவனாத்தான் இருப்பான்.

டச்சுக்காரன் 1613-ல பழவேற்காட்டுல கோட்டை கட்டினான். துணி வாங்க வந்தான்னு எழுதி வெச்சிருக்காங்க. எனக்கு நம்பிக்கை இல்ல. துணி வாங்க வந்தவன் எரநூறு வருசமா தங்குவான்? நானும் துணிக்கடைக்குப் போறேன், சாயங்காலம் திரும்பிடறேனே. அவன் கெழங்கா துன்னுருப்பான்.

சரி, நீங்க ஊட்டுக்குப் போயி செஞ்சு பாக்கணும்னா கேளுங்க. செய்ய மாட்டீங்க, தெரியும். கேக்கறதுக்குக் காசு இல்லையே.

முதல்ல வாங்கறது. போன்ல அமுக்கினா அறுத்துக் கழுவிப் பொட்டலத்துல வருதுன்னு பாப்பா காட்டுச்சு. தலை இல்ல, செவுள் இல்ல, வயிறு இல்ல. மொகத்தை மறைச்சுக்கினு வர்ற மாப்ளைக்கு யாராச்சும் பொண்ணு குடுப்பாங்களா? கெழங்காவ வாலைப் புடிச்சுக் கெடையா நீட்டணும். புதுசா இருந்தா குச்சி மாதிரி நிக்கும். பழசு, ஞாயித்துக்கிழமை காலையில நீங்க இருக்கற மாதிரி தொங்கும். செவுளைத் தூக்கினா செகப்பா இருக்கணும். வயிறு உடையாம இருக்கணும். முக்கியமா மோந்து பாக்கணும். புது மீனு ஏரிக்காத்து மாதிரி இருக்கும், நாறாது. மீனு நாத்தம்னு நீங்க சொல்றது மீனோட வாசனை இல்ல, காலதாமதத்தோட வாசனை. சதைக்குள்ள வாசனையே இல்லாத ஒரு சரக்கு இருக்குமாம். மீனு செத்தப்புறம் கிருமி அத்த உடைச்சு நாத்தமா மாத்தும். புளியும் எலுமிச்சையும் அந்த நாத்தத்தைக் கட்டிப்போடும். அதனால ஒரு கணக்கு வெச்சுக்கங்க. கடைக்காரன் எவ்ளோ புளி, எவ்ளோ மசாலா போடறானோ, மீனுக்கு அவ்ளோ வயசு.

ஆயறப்ப சின்னச் செதிலு, விட்டுடாதீங்க, வாலுலேர்ந்து தலைப்பக்கமா சொரண்டணும். செவுளையும் குடலையும் எடுத்துட்டு, உள்ள முதுகெலும்பை ஒட்டி ரத்தம் உறைஞ்சு கெடக்கும், விரல் நகத்தால வழிச்சுடணும். அத்த விட்டா கசக்கும். கல்லுப்பு போட்டு ஒரு அலசு, மஞ்சள் போட்டு ஒரு அலசு, அவ்ளோதான். துணி தொவைக்கற மாதிரி பிழியாதீங்க. நான் தலையைத் தூக்கிப்போட மாட்டேன். உங்க தட்டுல வெக்காததுக்குக் காரணம் வேற, அது எனக்கு.

கொழம்புன்னா புளியும் மொளகாத்தூளும் முதல்ல கொதிச்சு, பச்சை வாசனை போயி, எண்ணெய் ஓரத்துல மிதக்கணும். மாங்கா கெடைக்கற காலம்னா ரெண்டு துண்டு போட்டு அதுவும் வெந்துடணும். எல்லாரும் வந்து குந்தினப்புறம் பொண்ணு வர்ற மாதிரி, மீனு கடைசியாத்தான் உள்ள வரணும். ஆட்டுக்கறியில இருக்கற மாதிரி நரம்பு, சவ்வு மீனுக்குக் கெடையாது. இருக்கற கொஞ்சமும் லேசான சூட்டுலயே கரைஞ்சுடும். மெதுவா ஒரு கொதி, அஞ்சு நிமிசம், எறக்கிடணும். அப்புறமும் சட்டிச் சூட்டுல அது வெந்துக்கினுதான் இருக்கும். கரண்டியை மட்டும் உள்ள விடாதீங்க. சட்டியோட ரெண்டு காதையும் துணியால புடிச்சு ஒரு சுத்து சுத்துங்க. நீங்க போன வாட்டி "நான் ஹெல்ப் பண்றேன்"னு வந்து கரண்டி போட்டுக் கலக்கினீங்களே, அன்னிக்கு அது மீன் கொழம்பு இல்ல மாப்ள. மீனு கரைச்ச தண்ணி. பெரியவங்க யாரும் ஒண்ணும் சொல்லல, மருவாதிக்கு.

வறுக்கறதுக்குன்னா கல்லுப்பைத் தூளாக்கி, மஞ்சள், மொளகாத்தூள், அவ்ளோதான். இஞ்சி பூண்டு விழுது உங்க இஷ்டம், என் ஊட்டுல இல்ல. முக்கியமா தண்ணியை ஒத்தி எடுத்துட்டு, தோசைக்கல்லு நல்லா காஞ்சப்புறம் கடலெண்ணெய் விட்டுப் போடணும். போட்டதும் திருப்பிப் பாக்கறது, நாலு நாள்ல பிரமோஷன் வந்துச்சான்னு பாக்கறது மாதிரி. அது கல்லோட ஒட்டிக்கினு இருக்கற வரைக்கும் வேகலன்னு அர்த்தம். வெந்ததும் அதுவே கல்லை விட்டுரும். அப்ப ஒரே ஒரு வாட்டி திருப்பணும். காய்ச்சல்காரங்களுக்குன்னா இதுவும் வேணாம். மொளகு, சீரகம், பூண்டு தட்டிப்போட்ட சாறு, அதுல நாலு மீனு. அந்தச் சாறைக் குடிச்சவன் எழுந்து நடப்பான்.

துன்றது எப்படின்னும் சொல்லித்தான் ஆவணும் போல. முள்ளுக்கரண்டி வேணாம், முள்ளு அதுலயே இருக்குது. முதுகு ஓரமா கட்டை விரலை விட்டு ஒரு பக்கச் சதையை எடுங்க, இதழ் இதழா பிரியும். அப்புறம் வாலைப் புடிச்சுத் தூக்கினா நடுமுள்ளு சீப்பு மாதிரி ஒரே இழுப்புல வந்துரும். சோத்தோட பிசையாம ஒரு துண்டைத் தனியா வாயில போட்டு, கண்ணை மூடி, கொஞ்சம் சும்மா இருங்க. உங்களுக்குக் கஷ்டமான வேலை அந்தச் சும்மா இருக்கறதுதான்.

எனக்குக் கொடுவாதான் வேணும் ஆயான்னு அன்னிக்குச் சொன்னீங்க. நல்ல மீனுதான். அதுவும் வெள்ளைச் சதை, சாந்தமான ருசி, துண்டு போட்டா கனமா நிக்கும். வங்காளத்துல இதுக்குப் பேட்கின்னு பேரு, ஆஸ்திரேலியாவுல பாரமுண்டியாம். கடல் வாயில முட்டை வெச்சு, குஞ்சு எங்க ஏரிக்குள்ள வந்து வளரும். 1997-ல முட்டுக்காட்டுல, மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு நிறுவனத்துக்காரங்க இந்தியாவுலயே முதல் முறையா இத்தத் தொட்டியில வெச்சு குஞ்சு பொரிக்க வெச்சாங்க. வளக்கறதும் லேசு இல்ல. பெரிய குஞ்சு சின்னக் குஞ்சை முழுங்கிடும். அளவு பாத்துப் பிரிச்சு வேற வேற தொட்டியில போட்டுக்கினே இருக்கணும். உங்க ஆபீசுலயும் அப்படித்தான் வேற வேற மாடியில வெச்சிருக்காங்களாமே.

அதுல ஒரு விசேசம் கேளுங்க. கொடுவா பெரும்பாலும் ஆணாத்தான் பெரிசாவும். கொஞ்ச வருசம் ஆம்பளையா மீசையை முறுக்கிக்கினு சுத்தும். அப்புறம் நல்லா எடை ஏறினதும் பொம்பளையா மாறி முட்டை வெக்கும். ஏரியில பெரிய கொடுவாவப் பாத்தா பொம்பளைன்னே முடிவு பண்ணலாம். வயசு ஏற ஏற அதிகாரம் எந்தப் பக்கம் போவும்னு அந்த மீனுக்கே தெரிஞ்சிருக்குது. பாப்பா இன்னும் உங்ககிட்ட சொல்லலையா? சொல்லும், சொல்லும்.

ஆனா ஓட்டல்ல முள்ளே இல்லாம வெள்ளை வெளேர்னு துண்டு போட்டு வருதே, அத்தக் கொடுவான்னு நம்பாதீங்க. முக்காலே மூணு வீசம் அது பாசாவா இருக்கும். கெளுத்திச் சாதி. வியட்நாம்ல மீகாங் ஆத்தோரம் பண்ணை வெச்சு வளத்து, தோலும் முள்ளும் சீவி, ஐஸ்ல கப்பல் ஏத்தி அனுப்பறது. நம்ம ஆந்திராவுலயும் அந்தக் குடும்பத்து மீனைத்தான் ஏக்கர் ஏக்கரா வளக்கறாங்க. அது மேல எனக்குக் கோவம் இல்ல, அதுவும் ஒரு உசுருதான். ஆனா அதுக்கு ஏரி கெடையாது, முகத்துவாரம் கெடையாது, சொல்றதுக்கு ஒரு ரகசியமும் கெடையாது. மசாலாக்காரன் சொல்றதைத்தான் அது திருப்பிச் சொல்லும். நீங்க அத்த டேஸ்ட்டுன்னு சொன்னா, அது மசாலாவோட டேஸ்ட்டு.

இன்னா, நம்ப மாட்டேங்கறீங்க? அப்ப நான் வாயைத் தொறக்க வேண்டியதுதான். பாப்பா, உள்ள போம்மா, மாப்ளைக்கு மோரு எடுத்தா.

சித்திரையில வந்தீங்களே, ஞாபகம் இருக்குதா? ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் கிழக்குக் கடல்ல 61 நாளு விசைப்படகு போகக்கூடாதுன்னு தடை. காசிமேட்டுல வரத்து இல்லன்னா, ஏரி மீனை விலைக்குக் கேக்க முடியாது. அன்னிக்கு அண்ணன் மக வெறுங்கூடையோட வந்துட்டா. நீங்களோ, "மீனு இருக்குதா?"ன்னு செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடியே கேட்டீங்க. போன்ல ஐபிஎல் ஓடிக்கினு இருந்துச்சு. நான் இன்னா பண்ணுவேன்? நீங்க கேக்கற அந்த ஏழு பொடியும் போட்டுப் பொரட்டி, இஞ்சி பூண்டு அரைச்சு, எலுமிச்சை பிழிஞ்சு, மொறுமொறுன்னு வறுத்து, ஒரு தட்டுல வெச்சேன். போன்லேர்ந்து கண்ணை எடுக்காம அஞ்சு துண்டு துன்னீங்க. "ஆயா, இதுதான் மீனு. முள்ளே இல்ல, செம டேஸ்ட்டு, இன்னா மீனு இது?"ன்னு கேட்டீங்க. நான் "கெழங்கு மாப்ள"ன்னேன். "ஓ, கெழங்காவா"ன்னு நீங்களே திருத்திக்கினீங்க. பொய் சொன்னா நாக்கு அழுகிப்போவும், நான் சொல்லல.

சேனைக்கெழங்கு, மாப்ள. மீஞ்சூர் மார்க்கெட்டுல வாங்கினது.

அட, மோரு பொரை ஏறுது பாருங்க. மெதுவாக் குடிங்க. பாப்பா, அந்தச் சட்டியில வாலுப்பக்கம் ஒரு கெழங்கா மிச்சம் இருக்குது, கொண்டா. சோறு வேணாம். போனை வாங்கி உள்ள வெய்யி.